பாரம் இழுக்கும் பழைய ஜீப்: என்ஜினைத் தாங்கும் ரப்பரும் அதைச் சுற்றிய பராமரிப்பும்

என்ஜின் மவுண்ட் என்பது என்ஜினையும் வண்டியின் உடலையும் இணைக்கும் ரப்பர்த் தாங்கி. இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவில் ரப்பரை வைத்து, சூட்டிலும் அழுத்தத்திலும் அதை இரும்போடு ஒட்டச்செய்து இதைத் தயாரிக்கிறார்கள். பட்டறைகளில் மவுண்டிங் என்பார்கள். ஃபவுண்டேஷன் ரப்பர் என்றும் சொல்வதுண்டு. என்ஜின் நீளவாக்கில் பொருத்தப்பட்ட வண்டிகளில் பெரும்பாலும் என்ஜினின் இருபுறமும் ஒவ்வொன்றும் கியர்பாக்ஸின் அடியில் ஒன்றுமாக மூன்று மவுண்ட்கள் இருக்கும். என்ஜினின் எடையைச் சுமப்பது, அதன் அதிர்வு இருக்கைக்கும் ஸ்டீயரிங்குக்கும் வராமல் தடுப்பது, முறுக்குவிசையில் என்ஜின் புரண்டுவிடாமல் பிடித்துக்கொள்வது ஆகிய மூன்றும் அவற்றின் வேலை. அதிர்வைத் தடுக்க ரப்பர் மென்மையாக இருக்க வேண்டும். புரளாமல் பிடிக்க விறைப்பாக இருக்க வேண்டும். முரண்பட்ட இந்த இரண்டு தேவைகளுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பதுதான் மவுண்ட் தேர்வில் உள்ள சிக்கல். வண்டி பழையதாகி, அதன் பின்னால் ஒரு ட்ரெய்லரும் மாட்டப்படும்போது அந்தச் சிக்கல் முற்றுகிறது.

1920-களில் பெரும்பாலான கார்களில் என்ஜின் நேராகச் சேசிஸோடு போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருந்தது. நான்கு சிலிண்டர் என்ஜினின் நடுக்கம் முழுவதும் பயணிகளின் உடம்பில் இறங்கியது. 1931-இல் கிரைஸ்லர் நிறுவனம் தன் பிளிமத் கார்களில் என்ஜினை முன்னும் பின்னும் ரப்பர்த் தாங்கிகளில் ஏற்றி, எடைமையத்தின் வழியே செல்லும் அச்சில் அது தானாக அசைந்துகொள்ளும்படி விட்டது. ‘ஃபுளோட்டிங் பவர்’ என்ற பெயரில் அந்த ஏற்பாடு விளம்பரம் செய்யப்பட்டது. பிரான்சின் சித்ரோயன் நிறுவனம் 1932-இல் அதை உரிமம் பெற்றுத் தன் கார்களில் பயன்படுத்தியது. இன்றைய மவுண்ட்கள் எல்லாம் அந்தச் சிந்தனையின் வழிவந்தவையே.

இழுவை வேலை பார்க்கும் பழைய எஸ்.யூ.வி.க்கு நல்ல எடுத்துக்காட்டு, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டொலிடோ நகரில் தயாரான ஜீப் செரோக்கி. எக்ஸ்.ஜே. என்ற குறியீட்டால் அறியப்படும் அந்தத் தலைமுறை 1984 முதல் 2001 வரை அமெரிக்கச் சந்தையில் இருந்தது. 1987 மாடலிலிருந்து அதில் 4 லிட்டர் கொள்ளளவுள்ள, ஆறு சிலிண்டர்களும் ஒரே வரிசையில் அமைந்த என்ஜின் வந்தது. எளிமையான அமைப்பும் நீண்ட ஆயுளும் கொண்ட அந்த என்ஜினுக்காகவே இன்னமும் அங்கே பலர் இந்த வண்டியை வைத்திருக்கிறார்கள். சிறு படகையோ, குடும்பத்தோடு முகாமிடும் கேம்பர் ட்ரெய்லரையோ மாட்டிக்கொண்டு விடுமுறையில் கிளம்புவது அமெரிக்காவில் சாதாரணக் காட்சி. 4 லிட்டர் என்ஜின், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்ட இழுவைத் தொகுப்பு மூன்றும் உள்ள செரோக்கிக்கு ஜீப் நிறுவனம் கொடுத்த இழுவை வரம்பு 5,000 பவுண்டு, அதாவது 2,268 கிலோ. வண்டியின் எடையோ சுமார் 1,500 கிலோதான். தன்னைவிடக் கனமான ஒன்றை இழுக்க அனுமதி பெற்ற வண்டி இது என்பதை மனதில் வைத்துக்கொண்டுதான் மற்ற எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்.

பாரம் இழுக்கும்போது மவுண்டின் மேல் விழும் சுமை பலரும் நினைப்பதைவிட மிக அதிகம். 1991 முதல் வந்த 4 லிட்டர் என்ஜின் தரும் உச்ச முறுக்குவிசை சுமார் 305 நியூட்டன் மீட்டர். ஆனால் மவுண்ட் எதிர்த்து நிற்பது இந்த 305-ஐ அல்ல. என்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கட்டாகப் பூட்டப்பட்டிருப்பதால், கியர்பாக்ஸின் பின்முனையில் எவ்வளவு முறுக்கு வெளியேறுகிறதோ அவ்வளவும் எதிர்த்திசையில் அந்தக் கட்டைப் புரட்டப் பார்க்கும். செரோக்கியின் ஏ.டபிள்யூ.4 கியர்பாக்ஸில் முதல் கியரின் விகிதம் 2.80. ஆகவே முதல் கியரில் அது ஏறத்தாழ 850 நியூட்டன் மீட்டர். வண்டி நின்ற இடத்திலிருந்து நகரும்போது டார்க் கன்வெர்ட்டர் அதை மேலும் பெருக்கும். நான்கு சக்கர இயக்கத்தின் தாழ்நிலையில் போட்டால் இடையில் இன்னொரு 2.72 மடங்கு சேர்கிறது. வெறும் வண்டியில் இந்த உச்சம் கண்ணிமைக்கும் நேரமே நீடிக்கும். 2 டன் ட்ரெய்லரோடு ஏற்றத்தில் நின்று கிளம்பும்போதும், படகுத்துறைச் சரிவிலிருந்து ஈரச் சக்கரங்களோடு படகை மேலே இழுக்கும்போதும் அது பல நொடிகள் நீடிக்கிறது. ரப்பர் கிழிவது அந்த நொடிகளில்தான்.

இந்த விசைக்குத் திசையும் உண்டு. என்ஜினின் கிராங்க் முன்னாலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுற்றுகிறது. எனவே என்ஜின் உடல் இடஞ்சுழியாகப் புரள முயல்கிறது. முன்னோக்கி ஓட்டும்போது வண்டியின் இடப்புறம், அதாவது அமெரிக்க வண்டியில் ஓட்டுநர் பக்கம், மேலே தூக்கும். வலப்புறம் கீழே அழுந்தும். ரப்பர் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், இழுவிசையை அவ்வளவாகத் தாங்காது. ஆகவே இடப்பக்க மவுண்ட்தான் பெரும்பாலும் முதலில் பிய்கிறது. அது பிய்ந்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கா பெரிய அளவில் கண்டிருக்கிறது. 1965 முதல் 1969 வரையான மாடல்களில் சுமார் 67 லட்சம் ஷெவ்ரொலே வண்டிகளை ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1971 டிசம்பரில் திரும்ப அழைத்தது. மவுண்ட் பிரிந்து என்ஜின் தூக்கிக்கொள்ள, ஆக்சிலரேட்டர் இணைப்பு இழுபட்டு, வண்டி தானே வேகமெடுக்கும் ஆபத்து இருந்தது. தீர்வாக, என்ஜின் மேலெழாமல் இடப்புறத்தில் ஒரு கம்பிவடம் மாட்டித் தந்தார்கள். அதற்குப் பின் மவுண்டின் இரு தகடுகளும் ஒன்றுக்குள் ஒன்று கொக்கிபோல் மாட்டிக்கொள்ளும் வடிவம் பரவியது. அந்த வடிவத்தில் ரப்பர் முழுவதும் அறுந்தாலும் என்ஜின் ஓர் அளவுக்கு மேல் எழ முடியாது.

மவுண்ட் அழிவதற்கு வயது ஒரு காரணம், வெப்பமும் ஆயிலும் மற்ற இரண்டு. இயற்கை ரப்பர், கன்னியாகுமரித் தோட்டங்களில் பால் வடித்தெடுக்கும் அதே பொருள், அலுப்பில்லாமல் லட்சக்கணக்கான முறை வளைந்து நிமிரக்கூடியது. அதனால்தான் இன்றும் மவுண்டுக்கு அதை விரும்புகிறார்கள். ஆனால் தொடர்ந்த சூட்டில் அது கெட்டியாகி வெடிக்கும். ஆயில் பட்டால் ஊதி, பிசுபிசுத்து, கூழாகும். செரோக்கியின் 4 லிட்டர் என்ஜினில் இந்த இரண்டு எதிரிகளும் ஆளுக்கொரு பக்கம் இருக்கின்றன. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் இடப்புறத்தில் இருப்பதால் அந்த மவுண்ட் சூட்டில் வேகிறது. ஆயில் ஃபில்டர் வலப்புறத்தில் இருக்கிறது. அதைத் தாங்கும் அடாப்டரின் ரப்பர் வளையங்கள் கசிவதும், மேலே வால்வு மூடியின் கேஸ்கெட் கசிவதும் இந்த என்ஜினில் வழக்கமான குறைகள். கசிவை நிறுத்தாமல் புது மவுண்ட் மட்டும் போட்டால் அதுவும் விரைவில் ஊறிப் போகும். பணம் செலவழிக்க வேண்டிய வரிசை இதுதான்: முதலில் கேஸ்கெட், அப்புறம் மவுண்ட்.

இந்த என்ஜினுக்கே உரிய இன்னொரு பலவீனம் ரப்பரில் இல்லை. மவுண்டைத் தாங்கும் இரும்பு பிராக்கெட்டை என்ஜின் பிளாக்கோடு இறுக்கும் போல்ட்கள் காலப்போக்கில் தளரும்; தளர்ந்தபின் ஆடி ஆடி ஒடியும். ஒன்று ஒடிந்தால் மீதிப் போல்ட்கள் அதன் பங்கையும் சுமந்து அடுத்தடுத்து ஒடிகின்றன. ஒடிந்த துண்டு பிளாக்கின் துளைக்குள் சிக்கிக்கொண்டால் அதைத் துளைபோட்டு எடுப்பது கடினமான, செலவு பிடிக்கும் வேலை. பாரம் இழுக்கும் வண்டியில் இந்தப் போல்ட்களின் இறுக்கத்தை ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் சோதிப்பது எந்தப் புது மவுண்டையும்விட மலிவான காப்பு.

கெட்டுப்போன மவுண்டைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. நேர்வரிசை ஆறு சிலிண்டர் என்ஜின் இயல்பிலேயே சமநிலை கொண்டது. ஐடிலில் நடுக்கம் மிகக் குறைவு. அப்படிப்பட்ட என்ஜின் நின்றபடி ஓடும்போது ஸ்டீயரிங் உதறினால், ஒரு சிலிண்டர் எரியாமல் இருக்க வேண்டும், அல்லது மவுண்ட் போயிருக்க வேண்டும். கியரை டிரைவிலிருந்து ரிவர்ஸுக்கு மாற்றும்போது ‘டொக்’ என்ற தட்டல் கேட்பது அடுத்த அடையாளம். புரொப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸ் ஜாயின்ட் தேய்ந்தாலும் இதே சத்தம் வரும் என்பதால் இரண்டையும் பார்க்க வேண்டும். உறுதியான சோதனைக்கு இருவர் தேவை. பேனட்டைத் திறந்து, கை பிரேக்கும் கால் பிரேக்கும் முழுதாக அழுத்தியிருக்க, ஓட்டுநர் டிரைவில் போட்டு மெல்ல ஆக்சிலரேட்டரைத் தொட வேண்டும். பார்ப்பவர் வண்டிக்கு முன்னால் நிற்காமல் பக்கவாட்டில் நின்று என்ஜின் எவ்வளவு தூக்குகிறது என்று கவனிக்க வேண்டும். சிறிது அசைவது இயல்பு. ஓர் அங்குலத்துக்கு மேல் எழுந்து, விட்டதும் தடாலென்று அமர்ந்தால் இடப்பக்க மவுண்ட் பிரிந்துவிட்டது. ரிவர்ஸில் இதையே செய்தால் வலப்பக்கம் தெரியும்.

இதை அலட்சியப்படுத்துவதால் வரும் நட்டம் வேறிடத்தில் தலைகாட்டும். 1991 முதல் 1999 வரையான இந்த என்ஜின்களின் குழாய் வடிவ எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் வெடிப்பதற்குப் பெயர்போனது. என்ஜின் அளவுக்கு மீறி ஆடும்போது, உடலோடு கட்டப்பட்ட சைலன்சர் குழாய் அசையாமல் இருக்க, இரண்டுக்கும் நடுவில் உள்ள மேனிஃபோல்ட் ஒவ்வொரு முறையும் முறுக்கப்படுகிறது. மவுண்டைக் கவனிக்காமல் மேனிஃபோல்டை மட்டும் மாற்றியவர்கள் மறுபடி அதையே மாற்ற நேர்வது இதனால்தான். ரேடியேட்டர் விசிறி அதன் உறையில் உரசுவதும் இதே ஆட்டத்தின் விளைவு.

மாற்று மவுண்ட் வாங்கப் போனால் சந்தையில் நான்கு வகைகள் உண்டு. தொழிற்சாலைத் தரத்துக்கு இணையான சாதாரண ரப்பர் மவுண்ட் முதல் வகை. அடுத்தது, உள்ளே கிளைக்கால் கலவை போன்ற திரவம் நிரப்பிய ஹைட்ராலிக் மவுண்ட். ஐடிலில் மென்மையாகவும் பெரிய அசைவில் விறைப்பாகவும் நடந்துகொள்ளும் திறமையான அமைப்பு. பின்வந்த பல எஸ்.யூ.வி.களில் இதுதான் இருக்கிறது. உறை கிழிந்து திரவம் கறுப்பாக வழிந்தால் அதன் ஆயுள் முடிந்தது. ஹைட்ராலிக் மவுண்டோடு வந்த வண்டியில் விலை குறைவு என்று வெறும் ரப்பர் மவுண்டைப் போடுவது, பொறியாளர்கள் அளந்து வைத்த சமநிலையைக் கெடுப்பதாகும். செரோக்கிக்கு இந்தக் கவலை இல்லை. அதன் மூல மவுண்டே சாதாரண ரப்பர்.

மூன்றாவது பாலியூரித்தேன். கடினத்தன்மையை அளக்கும் ஷோர் ஏ அளவுகோலில் மவுண்ட் ரப்பர் பெரும்பாலும் 50 முதல் 65 வரை இருக்கும். பாலியூரித்தேன் வழக்கமாக 80-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். ஆயில் அதை எளிதில் கெடுக்காது. என்ஜின் ஆட்டம் கணிசமாகக் குறையும். பாறைகளில் ஏற்றும் சாகச ஓட்டக்காரர்கள் அதை விரும்புவதில் நியாயம் இருக்கிறது. ‘பாரம் இழுப்பதற்கும் அதுதானே நல்லது’ என்று தோன்றுவது இயற்கை. ஆனால் செரோக்கியின் கட்டமைப்பைப் பார்த்தால் அந்த எண்ணம் மாறும். தனிச் சேசிஸ் உள்ள வண்டிகளில் என்ஜினுக்கும் சேசிஸுக்கும் இடையே ஒரு ரப்பர், சேசிஸுக்கும் உடலுக்கும் இடையே இன்னொரு ரப்பர் என்று இரண்டு தடுப்புகள் உண்டு. செரோக்கியில் உடலும் சேசிஸும் ஒன்றே. என்ஜினுக்கும் பயணிக்கும் நடுவில் இருப்பது அந்த மவுண்ட் ரப்பர் மட்டும்தான். அதை விறைப்பாக்கினால் நடுக்கம் முழுவதும் தகட்டு உடலில் பரவும். கதவுப் பலகைகள் கிலுகிலுக்கும், போல்ட்கள் தளரும், நாள் முழுக்க நெடுஞ்சாலையில் ஓட்டுபவருக்கு உடம்பு அசந்துபோகும். ஏற்கெனவே தளரும் பழக்கமுள்ள பிராக்கெட் போல்ட்களுக்கும் இந்த நடுக்கம் நல்லதல்ல. நான்காவது வகையான வெறும் இரும்பு மவுண்ட் பந்தயக் களத்துக்கு உரியது. சாலை வண்டியில் அதற்கு இடமே இல்லை.

ஆகவே குடும்பத்தோடு பயணம் போய், இடையிடையே பாரமும் இழுக்கும் பழைய செரோக்கிக்குச் சரியான தேர்வு தரமான, தகடுகள் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும் ரப்பர் மவுண்ட்தான். கியர்பாக்ஸ் மவுண்டும் அதே வகையாக, அதே நேரத்தில் மாற்றப்பட வேண்டும். ஒரு பக்கம் பாலியூரித்தேன், மறுபக்கம் ரப்பர் என்று கலந்தால் சுமை முழுவதும் விறைப்பான பக்கத்தில் குவியும். இடப்பக்கம் மட்டும் பிய்ந்திருந்தாலும் இரண்டையும் மாற்றுவதே முறை. வலப்பக்க ரப்பரும் அதே வயதுதான்.

கடையில் வாங்கும்போது பெட்டியின் மேலுள்ள படத்தை நம்பாமல் பொருளைக் கையிலெடுத்துப் பார்க்க வேண்டும். பழையதன் பக்கத்தில் வைத்து உயரத்தையும் துளைகளின் இடைவெளியையும் ஒப்பிட வேண்டும். பழையது அமுங்கியிருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். புதியது அளவில் பிசகினால் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணமும் விசிறியின் இடைவெளியும் மாறிவிடும். ரப்பர் இரும்போடு சேரும் விளிம்பில் மயிரிழைப் பிரிவுகூட இருக்கக் கூடாது. பல ஆண்டுகள் அலமாரியில் கிடந்த ரப்பர் ஓடாமலேயே முதுமை அடைந்திருக்கும். விரல்நகம் அழுந்தாத அளவு இறுகியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

பொருத்தும் வேலை எளியது, ஆனால் எடை பெரியது. 200 கிலோவுக்கு மேற்பட்ட என்ஜினை ஜாக்கியால் தாங்கும்போது ஆயில் பேனுக்கும் ஜாக்கிக்கும் நடுவே அகலமான மரக்கட்டை வைக்காவிட்டால் பேன் நசுங்கும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, மவுண்டின் எடை நீங்கும் அளவுக்கு மட்டும் தூக்க வேண்டும். விசிறியும் குழாய்களும் இழுபடுகின்றனவா என்று பார்த்துக்கொண்டே தூக்க வேண்டும். புது மவுண்டில் எல்லாப் போல்ட்களையும் கையால் திருகி, என்ஜினை இறக்கி, அதன் முழு எடையும் ரப்பரில் அமர்ந்த பிறகே குறுக்குப் போல்ட்டைக் கடைசியாக, கையேடு சொல்லும் அளவுக்கு இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் நிரந்தரமாக முறுக்கப்பட்ட நிலையிலேயே கிடந்து சீக்கிரம் கிழியும்.

மவுண்ட் சரியானபின் பாரம் இழுக்கும் வண்டியைக் கொல்வது வெப்பம். கொலராடோ மாநிலத்தில் ஐ-70 நெடுஞ்சாலையில் உள்ள ஐசனோவர் சுரங்கம் ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டர்போ இல்லாத என்ஜின் ஒவ்வொரு 1,000 அடிக்கும் சுமார் 3 சதவீத ஆற்றலை இழக்கும். அந்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. அதே இடத்தில் மெலிந்த காற்று ரேடியேட்டரையும் சரியாகக் குளிர்விக்காது. செரோக்கியின் குளிர்விப்பு அமைப்பில் உபரி வலு அதிகம் இல்லை. ரேடியேட்டர் உள்ளே அடைபட்டிருக்கிறதா, விசிறியின் கிளட்ச் சூட்டில் பிடிக்கிறதா, துணை மின்விசிறி ஓடுகிறதா, ரேடியேட்டர் மூடி அழுத்தம் தாங்குகிறதா என்பவற்றைப் பார்க்காமல் மலைப் பாதையில் பாரம் இழுக்கக் கூடாது. பழைய பச்சை நிறக் கூலன்டை 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். 2000, 2001 மாடல்களில் வந்த 0331 எண்ணுள்ள சிலிண்டர் ஹெட் நடுவில் வெடிக்கும் குறை கொண்டது. அத்தகைய வண்டியை இழுவைக்கு வாங்க நினைப்பவர், ஆயில் ஊற்றும் மூடிக்கு அடியில் பால்போன்ற படிவு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் திரவத்துக்கும் வெப்பமே எமன். சுமார் 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஒவ்வொரு 10, 11 டிகிரிக்கும் அதன் ஆயுள் பாதியாகிறது என்பது பட்டறைகளில் வழங்கும் கணக்கு. தனியான ஆயில் கூலர் இல்லாத வண்டிக்கு அதை மாட்டுவதுதான் முதல் செலவாக இருக்க வேண்டும். ஏற்றத்தில் நான்காம் கியருக்கும் மூன்றாம் கியருக்கும் இடையே கியர்பாக்ஸ் அலைபாய்ந்தால் லீவரை 3-இல் வைத்துவிட வேண்டும். ஒவ்வொரு மாற்றமும் சூட்டைக் கூட்டுவதோடு மவுண்டுக்கும் ஒரு குலுக்கல். என்ஜின் ஆயிலைப் பொறுத்தவரை, கடின உழைப்புக்கான ஜீப்பின் அட்டவணை சுமார் 4,800 கிலோமீட்டருக்கு ஒரு மாற்றம் கேட்கிறது. பின் ஆக்ஸிலின் ஆயிலை மட்டும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இறக்கத்தில் சோதனை பிரேக்குக்கு. அமெரிக்காவின் பல மாநிலங்களில் 3,000 பவுண்டுக்கு, அதாவது சுமார் 1,360 கிலோவுக்கு, மேற்பட்ட ட்ரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். முன்னால் டிஸ்க்கும் பின்னால் டிரம்மும் கொண்ட செரோக்கிக்கு, சட்டம் சொல்லாத குறைந்த எடையிலும் ட்ரெய்லர் பிரேக் இருப்பது நல்லது. ட்ரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் அமர வேண்டும். குறைந்தால் ட்ரெய்லர் வால்போல் ஆடத் தொடங்கும். செரோக்கியின் முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம் சுமார் 2.58 மீட்டர்தான். இவ்வளவு குட்டையான வண்டியை அந்த ஆட்டம் எளிதில் இழுத்துச் சென்றுவிடும். பின்புறப் பட்டை ஸ்பிரிங்குகள் வயதில் தொய்வதால் கொக்கி எடை ஏறியதும் வண்டியின் மூக்கு தூக்கும், ஸ்டீயரிங் பிடிப்புக் குறையும். தொய்ந்த ஸ்பிரிங்கை மாற்றாமல் வேறு உபகரணங்களால் சமாளிப்பது வீண். தனிச் சேசிஸ் இல்லாததால் இழுவைக் கொக்கி உடலின் அடித்தகடுகளிலேயே போல்ட் செய்யப்பட்டிருக்கிறது. உப்பு தூவும் பனிப்பிரதேச வண்டிகளில் அந்த இடம் துருப்பிடித்திருந்தால் வண்டி இழுவைக்குத் தகுதியற்றது. டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். பட்டன் தேயாமல் இருந்தாலும் 10 ஆண்டு கடந்த டயரில், வண்டிக்கானாலும் ட்ரெய்லருக்கானாலும், பாரம் ஏற்றக் கூடாது.

5,000 பவுண்டு என்பது புது வண்டிக்கு, புது மவுண்டுக்கு, புது ரேடியேட்டருக்குக் கொடுக்கப்பட்ட வரம்பு. அந்த வரிசையின் கடைசி வண்டிக்கும் இன்று 20 வயதுக்கு மேல் ஆகிவிட்டது. சமதளத்தில் 3,000 பவுண்டு வரை, பிரேக் உள்ள ட்ரெய்லரோடு, நன்றாகப் பராமரித்த செரோக்கி கௌரவமாக இழுக்கும். அதற்கு மேல் தேவைப்படுபவர் நீளமான, தனிச் சேசிஸ் உள்ள வண்டியைத் தேடுவதே சரி.